யோகராஜ குக்குலு: கால் எரிச்சலுக்குச் சாப்பிட்டுப் பார்த்தேன்

சிங்கப்பூர் தேக்காவில் ஆயுர்வேத மருந்து விற்கும் கடைகளில் யோகராஜ குக்குலு கேட்டால் கிடைக்கும். கருப்பும் பழுப்பும் கலந்த சின்ன மாத்திரை. புட்டியைத் திறந்ததும் சாம்பிராணி வாசத்தோடு ஒரு கசப்பும் மூக்கில் ஏறும். குக்குலு என்பது ராஜஸ்தான், கட்ச் பக்கத்து வறண்ட நிலத்தில் வளரும் முட்புதரின் பிசின். அதைத் திரிபலா கஷாயத்தில் சுத்தி செய்து, திரிகடுகு, சித்திரமூலம் போன்ற சரக்குகளும் நெய்யும் சேர்த்து இடிப்பார்கள். வாத நோய்க்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வரும் மருந்து.

எனக்கு நீரிழிவு. காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாதுகாவலர் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரவில் படுத்தால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்த கை மாதிரி எரியும், விரல்கள் மரத்துப்போயிருக்கும். பலதுறை மருந்தகத்தில் நீரிழிவால் வந்த நரம்புப் பாதிப்பு என்றார்கள். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறைந்தும் இப்படி வரலாம் என்று அதற்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அது சரியாகவே இருந்தது. அப்புறம்தான் கடைக்கார அண்ணன் சொன்ன இந்த மாத்திரையை வாங்கினேன். டாக்டர் கொடுத்த மருந்து எதையும் நிறுத்தவில்லை.

தீபாவளிக்கு முன் தொடங்கி, பொங்கல் தாண்டும்வரை லேபிளில் போட்டிருந்தபடி சாப்பாட்டுக்குப் பின் வெந்நீரோடு சாப்பிட்டேன். ஆரம்பத்தில் வயிறு கொஞ்சம் இளகியது. பலன் தெரிந்தது முழங்காலில்தான். காலையில் இருந்த பிடிப்பு தளர்ந்து, படி இறங்குவது சுலபமானது. இதற்காக மறுபடி வாங்குவேன். பாத எரிச்சல் சில இரவு குறைந்தது, சில இரவு பழையபடி. மரப்பு மாறவே இல்லை.

மாறவில்லை என்பதை மனசுக்குத் தோன்றியதை வைத்துச் சொல்லவில்லை. நீரிழிவுப் பாதப் பரிசோதனையில் நம்மைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். முன்பு எந்த இடங்களில் தெரியவில்லையோ, அதே இடங்களில் இப்போதும் தெரியவில்லை.

எலிகளின் கால் நரம்பைக் கட்டி வலி உண்டாக்கி, குக்குலு சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வு இருக்கிறது. அதில் வலி குறைந்தது. ஆனால் வலி குறைவது வேறு, கெட்டுப்போன நரம்பு தேறுவது வேறு. கொலஸ்ட்ராலுக்கும் இந்தப் பிசினுக்குப் பெரிய பெயர் இருந்தது. 2003இல் அமெரிக்காவில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கெட்ட கொழுப்பு குறையவில்லை, சிலருக்குத் தோலில் தடிப்பு வந்ததுதான் மிச்சம். நரம்புக்கும் அப்படி மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும். இது என் ஆசை.

முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். மகா யோகராஜ குக்குலு வேறு மருந்து. அதன் பழைய செய்முறையில் நாக பஸ்பமும் ரசசிந்தூரமும் உண்டு, அதாவது ஈயமும் பாதரசமும். இரண்டுமே நரம்பைக் கெடுப்பவை. கால் மரப்புக்கு அதைச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய கொடுமை! இங்கே பாரம்பரிய மருந்துகளில் ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), பாதரசம் 0.5 பிபிஎம் தாண்டக்கூடாது என்று சுகாதார அறிவியல் ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பெட்டியில் கொண்டுவரும் புட்டியை யார் சோதிக்கிறார்கள்? என் மைத்துனர் பாசத்தோடு கொண்டுவந்ததும் அந்த மகா வகைதான். நான் தொடவில்லை.

ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ தில்தியாசம், புரோப்ரனோலால் சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடங்காதீர்கள். குக்குலு அந்த மருந்துகள் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பெயரை மட்டும் சொன்னால் போதாது, மருந்தாளரிடம் புட்டியையே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.