பழைய பிரியஸ் வாங்கப் போகிறீர்களா? பற்றரியைப் பார்க்காமல் முற்பணம் கட்டாதீர்கள்

"டொயோட்டாதானே, பயப்படாமல் எடுங்கோ" என்ற சொல்லை நம்பி, கொழும்புப் பக்கம் ஒரு கார் சேலில் 2012 பிரியஸ், அதாவது பெற்றோலோடு பெரிய பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார், வாங்கியவருக்கு நடந்தது இது. மூன்றாம் மாதம் டாஷ்போர்டில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்கேனில் வந்த கோட் பி0ஏ80, அதாவது ஹைபிரிட் பற்றரி பழுது. விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

பின் சீற்றுக்குப் பின்னால் இருக்கும் பற்றரியைத் திறந்ததும் குட்டு வெளிப்பட்டது. அதற்குள் இருக்கும் 28 மொடியூல்களில், அதாவது சிறு பற்றரிக் கட்டைகளில், ஐந்தின் தொடர் இலக்கங்கள் மட்டும் வேறு. அந்த ஐந்தின் செப்புத் தகடுகள் மினுங்கின, மற்றவை பச்சை பூத்துக் கிடந்தன. செத்தவற்றுக்குப் பதிலாக வேறு வாகனத்தில் கழற்றியவற்றைச் சொருகி, பழைய பிழைக் கோட்டை அழித்து விற்றிருக்கிறார்கள். இந்த ஒட்டு வேலை நிலைக்காது. எல்லா மொடியூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மின்தொடரில் இணைந்திருப்பதால் கொள்ளளவு குறைந்தது முதலில் நிரம்பும், முதலில் வற்றும், சூடேறும். ஒன்றை மாற்றினால் அடுத்த கிழடு விழும்.

டொயோட்டா நல்ல வாகனம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று 2025 வரை புது வாகனம் வராததால், ஆயுள் முடியும் பற்றரிகளோடு ஓடுபவைதான் இன்று கூடின விலைக்குப் போகின்றன.

வாங்கமுன் ஏசியைப் போட்டு, ஏற்றமுள்ள வீதியில் அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள். வாகனத்தின் கோட்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேன் கருவியைப் பொருத்தி, இரண்டிரண்டு மொடியூல்களாகச் சேர்ந்த 14 புளொக்குகளின் வோல்டேஜையும் பாருங்கள். ஆக்சிலேற்றரை அழுத்தும்போது கூடினதுக்கும் குறைந்ததுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அந்த வாகனம் வேண்டாம். நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் காட்டும், ஏமாறாதீர்கள். பின் சீற்றுப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று போகும் துவாரத்தையும் பாருங்கள். பஞ்சும் தூசியும் அடைத்திருந்தால் பற்றரி பலகாலம் வெந்திருக்கிறது.

எஞ்சினிலும் ஒரு வியாதி உண்டு. எஞ்சினுக்குத் திரும்பிப் போகும் புகையைக் குளிராக்கும் ஈஜிஆர் கூலர் கரி பிடித்து அடைபட்டால், எஞ்சினின் மேல்பகுதியை ஒழுகாமல் அடைத்திருக்கும் ஹெட் காஸ்கெட் போகலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில வினாடி குலுங்குவதும், எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைவதும் அதன் அறிகுறி. ஆகவே எஞ்சின் ஆறியிருக்கும் நேரத்தில் போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

ஜப்பான் ஏலத்தில் வாகனத்தின் நிலையை எழுதிக் கொடுக்கும் ஒக்ஷன் ஷீட்டின் போட்டோப் பிரதியை நம்பவேண்டாம், திருத்துவது சுலபம். சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து நீங்களே தனியாக எடுப்பியுங்கள். அதில் உள்ள கிலோமீற்றர் ஜப்பானில் ஓடியது மட்டுமே. இன்றைய மீற்றர் அதைவிடக் குறைவாக இருந்தால் மீற்றரைக் குறைத்திருக்கிறார்கள், வேறு விசாரணை தேவையில்லை.

முற்பணம் கட்டினால்தான் ஸ்கேன் பண்ண விடுவோம் என்றால், திறப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.