பாதி வகுப்புக்கு ஆமென்

கிறிஸ்தவ விசுவாசிகளுக்கென்றே நடத்தப்படும் உணவுப் பழக்க வகுப்பு ஒன்றை இப்போதுதான் முடித்தேன். எட்டு வாரம், எல்லாம் ஆன்லைன். வாரம் ஒரு வீடியோ, ஒரு பயிற்சி ஏடு, ஜூமில் ஒரு கூடுகை, அதோடு வாட்ஸ்அப் குழு. பெயர் சொல்லப்போவதில்லை. இதே சாயலில் பல வகுப்புகள் வருகின்றன, சேர நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஒரு போதகரின் மனைவி. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவள். கொஞ்சம் இளைத்தால் "என்னம்மா, உபவாசமா?" என்று சபையில் கேட்பார்கள். சதை போட்டால் கேட்கமாட்டார்கள், பார்ப்பார்கள். அதனால் உணவைப் பற்றி யாராவது வேதத்தை வைத்து நிதானமாகப் பேசமாட்டார்களா என்று எனக்கு வெகுநாள் ஏக்கம்.

முதல் மூன்று வாரம் அந்த ஏக்கம் தீர்ந்தது. தீர்க்கதரிசி எலியாவில் தொடங்கினார்கள். சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டுப் படுத்தவரிடம் தூதன் வந்து சொன்ன முதல் வார்த்தை, "எழுந்திருந்து போஜனம்பண்ணு". கண்டிப்பு இல்லை, உபதேசம் இல்லை. சாப்பிட்டார், தூங்கினார், மறுபடி எழுப்பப்பட்டு மறுபடி சாப்பிட்டார். ஓரேப் மலைக்குப் பயணம் அதற்கப்புறம்தான். அடுத்து யவீருவின் மகள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை உயிரோடு எழுப்பியதும், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார் இயேசு. நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் அற்புதத்தோடு முடிந்துவிடும், அந்தக் கடைசி வரிக்கு யாரும் வந்ததில்லை. இந்த ஆசிரியை அங்கேயே நின்று பேசினார்.

பயிற்சியும் எளிது. சாப்பாட்டுக்கு முன் ஸ்தோத்திரம் சொல்லும்போதே, இப்போது எவ்வளவு பசி என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். பாதி சாப்பிட்டதும் ஒரு தடவை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எனக்கு வருவது பெரும்பாலும் பசியே இல்லை, எல்லோரிடமும் சிரித்துச் சிரித்து ஓய்ந்த களைப்பு என்பது இதில்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் முதலில் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் படுத்துவிடுகிறேன்.

மூன்றாம் வார வீடியோதான் உச்சம். 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை வைத்துப் பட்டினிச் சோதனை ஒன்று நடந்தது. போருக்குப் போக மனசாட்சி இடம் தராதவர்கள் அவர்கள். மெனோனைட், குவேக்கர், பிரதரன் போன்ற சமாதான சபைகளிலிருந்து வந்தவர்கள் பலர். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறிய, 24 வாரம் ஏறத்தாழப் பாதி உணவில் இருந்தார்கள். கொஞ்ச காலத்தில் அவர்களுக்குப் பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். சுயநலம் துளியும் இல்லாமல் வந்தவர்களுக்கே இந்தக் கதி. டயட்டில் இருக்கும்போது நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாகவே இருப்பதை விசுவாசக் குறைவு என்று சொல்லாதீர்கள், உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்று ஆசிரியை முடித்தார். ஆமென்.

நான்காம் வாரம் எடை மெஷின் வந்தது.

எல்லோரும் எடையைக் குழுவில் போட வேண்டுமாம். குறைந்தவர்களுக்கு "ஸ்தோத்திரம்!", குறையாதவர்களுக்கு "உங்களுக்காக ஜெபிக்கிறோம் சகோதரி". முந்தின வாரம் கேட்டதெல்லாம் எங்கே போனது? வாயில் கிருபை, கையில் நியாயப்பிரமாணம். அப்புறம் தானியேல் பெயரில் பத்து நாள் காய்கறியும் தண்ணீரும். தானியேல் முதலாம் அதிகாரத்தைப் படித்துவிட்டுத்தான் இதைத் திட்டமிட்டார்களா என்று சந்தேகம். பாபிலோன் அரண்மனையில் தானியேல் மறுத்தது ராஜாவின் போஜனத்தால் தீட்டுப்படாமல் இருக்க. பத்து நாள் கழித்துப் பார்த்தால் அவரும் அவருடைய மூன்று நண்பர்களும் மற்றவர்களைவிடப் புஷ்டியாக இருந்தார்கள். இதை வைத்து இளைக்கும் திட்டம் போடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்! "உங்கள் சரீரம் ஆலயம்" வசனமும் வாரத்துக்கு ஒருமுறை வந்தது. 1 கொரிந்தியர் 6ல் பவுல் அதைச் சொல்வது வேசித்தனத்தைப் பற்றி. சாப்பாட்டைப் பற்றி அவர் பேசுவது இரண்டு அதிகாரம் தள்ளி: புசிப்பதால் மேன்மையில்லை, புசியாததால் குறைவுமில்லை. அந்தப் பக்கம் வகுப்பு திரும்பவே இல்லை.

பெருந்தீனி பற்றிய வாரம் சுமார்தான், ஆனால் ஒரு நல்ல விஷயம் இருந்தது. 590 முதல் 604 வரை போப்பாக இருந்த கிரகோரி, பெருந்தீனியை ஐந்து விதமாகப் பிரித்தாராம். அதிகமாகத் தின்பது அதில் ஒன்றுதான். நேரத்துக்கு முன் சாப்பிடுவது, விலை உயர்ந்ததைத் தேடுவது, அவசரமாக விழுங்குவது, பக்குவத்தில் ரொம்ப நுணுக்கம் பார்ப்பது எல்லாம் சேர்த்தி. அப்படியானால் ஒவ்வொரு கவளத்தையும் அளந்து நிறுத்துக் கவலைப்படுகிறவரும் யோசிக்க வேண்டியதுதானே? அதை யாரும் கேட்கவில்லை.

உபவாச வாரத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்சுலின் போடுபவர்கள், சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கர்ப்பிணிகளுக்கும், அளவில்லாமல் தின்று வாந்தியெடுக்கும் நோயிலிருந்து மீண்டவர்களுக்கும் உபவாசம் விளையாட்டல்ல. ஏட்டில் இது பற்றி ஒரு வரி இல்லை. ஜூமில் கேட்டேன். "விசுவாசத்தோடு செய்யுங்கள் சகோதரி" என்று பதில் வந்தது. நான் என் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அந்த வாரத்தைத் தாண்டிவிட்டேன். பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்கிற ஏசாயா 58 உபவாசமும் அந்த வாரத்தில் இல்லை.

ஐந்துக்கு மூன்று தருகிறேன், மூன்றும் முதல் மூன்று வாரத்துக்கே. அவற்றைத் தனியாகத் தருவதில்லை, கேட்டுப் பார்த்தேன். உணவோடு தீவிரமாகப் போராடுகிறவர்கள், மருந்தில் இருக்கிறவர்கள் இதில் சேர வேண்டாம். முதலில் மருத்துவரையும் ஆலோசகரையும் பாருங்கள். மற்றவர்கள் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எடையைக் கேட்பீர்களா? மருத்துவச் சந்தேகத்துக்குப் பதில் சொல்வது யார்?