ஆறு வருடமாக என் உடுப்பை நானே தைக்கிறேன்

2019 தீபாவளிக்கு முந்தின மாதம் நான் தைத்த முதல் குர்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. சாம்பல் நிறக் கைத்தறிப் பருத்தி, முழங்கால் வரை நீளம், முக்கால் கை. இடது அக்குளில் இரண்டு முறை ஒட்டுப் போட்டாயிற்று, இப்போது வீட்டில் மட்டும்தான் போடுகிறேன். புடவைக்கான ரவிக்கையைத் தவிர அன்றாடம் உடுத்தும் எல்லாமே அன்றிலிருந்து என் கையால் தைத்தவைதான்: குர்தி, பேன்ட், நைட்டி, உள்பாவாடை. ரவிக்கையை இப்போதும் தையற்காரரிடம்தான் கொடுக்கிறேன், அதன் நுணுக்கம் வேறு. தைக்கத் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எது நிலைத்தது, எது கிழிந்தது என்று எழுதுகிறேன்.

மாலையில் வீட்டிலேயே டியூஷன் எடுப்பவள் நான். போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் கடையில் வாங்கிய குர்தி மொத்தமும் கூடவே ஏறும், தோள்பட்டை இழுக்கும். இறுக்கம்தான் காரணம் என்று நினைத்து எல் அளவை விட்டு எக்ஸ்எல் வாங்கினேன். அது இன்னும் அதிகமாக ஏறியது. அதற்கும் அடுத்த அளவில் கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்தது, கை மட்டும் அப்படியேதான் இழுத்தது. எங்கள் வீதியில் ஓர் அண்ணா இருக்கிறார், திருப்பூர் கம்பெனிகளில் நெடுநாள் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அவர் அந்தக் குர்தியைத் திண்ணையில் விரித்து, அக்குள் பக்கம் விரலை வைத்துக் காட்டினார். "லூசு வேற அம்மிணி, எடம் வேற. கைக்குழி இவ்வளவு எறங்கியிருந்தா கையத் தூக்கறப்ப சட்டையுஞ் சேர்ந்துதான் வரும்" என்றார்.

அளந்து பார்த்தோம். கடைக் குர்தியில் கைக்குழி, அதாவது கையைச் சேர்த்துத் தைக்கும் வளைவு, தோளிலிருந்து ஒன்பதரை இன்ச் இறங்கியிருந்தது. எனக்கு வேண்டியது எட்டு. ஒரே அளவு பல உடம்புக்கும் ஆக வேண்டும் என்றால் கைக்குழியை ஆழமாக வெட்டுவதுதான் சுலபம். ஆனால் அப்படி இறங்கிய இடத்தில் கைக்கும் விலாவுக்கும் நடுவே வௌவால் இறக்கை மாதிரி துணி நிற்கும். கையை உயர்த்தினால் அந்த இறக்கை விலாப்பக்கத்தை இழுக்கும், விலாப்பக்கம் கீழ்விளிம்பை இழுக்கும். கைக்குழி அக்குளை ஒட்டி மேலே இருந்தால் கைத்துணி மட்டும் நகரும், உடம்புத் துணி இருந்த இடத்தில் இருக்கும். கையின் உச்சி வளைவும் இதோடு சேர்ந்தது. அந்த வளைவு உயரமாக இருந்தால் கையைத் தொங்கவிடும்போது சுருக்கமில்லாமல் அழகாக விழும், தூக்கும்போது பிடிக்கும். நான் அதை மூன்று இன்ச்சுக்கு மேல் வைப்பதில்லை. தோளுக்குக் கீழே இரண்டு மடிப்பு தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது குர்தியிலிருந்து அக்குளில் கட்டம் வைக்கிறேன். பழைய ஜிப்பாக்களில் பார்த்திருப்பீர்கள், அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துண்டு இருக்கும். 4 இன்ச்சுக்கு 4 இன்ச் வெட்டினால் சுற்றிலும் அரை இன்ச் தையலுக்குப் போய் 3 இன்ச் மிஞ்சும். அதை வைர வடிவில் திருப்பி, கையும் விலாவும் சேரும் முனையில் வைத்துத் தைக்க வேண்டும். நான்கு மூலையும் சரியாக உட்கார எனக்கு ஆறேழு முறை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒருமுறை கைவந்துவிட்டால் இதைப்போல் பலன் தருவது வேறொன்றும் இல்லை. வியர்வையில் முதலில் இற்றுப்போவது அக்குள்தான். கட்டம் இருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிவிடலாம், குர்தி இன்னும் இரண்டு வருடம் ஓடும். கட்டம் இல்லாத என் முதல் குர்தியில்தான் ஒட்டுமேல் ஒட்டு.

மிஷின் அம்மாவுடையது, காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மிஷின். மோட்டார் வைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். ஒரு வருடம் வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டேன். கழுத்து வளைவில் எனக்கு வேண்டிய மெதுவான ஓட்டம் மிதியில்தான் கிடைக்கிறது. பாதத்தின் அழுத்தத்தில் ஒரு தையல், இரண்டு தையல் என்று நகர்த்தலாம். தொடக்கத்தில் நூல் அறுந்தாலே மிஷினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி நேரம் குற்றம் ஊசியில்தான். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் மாதிரித் தடித்ததற்கு 16 அல்லது 18. இரண்டு மூன்று குர்திக்கு ஒருமுறை ஊசியை மாற்றுகிறேன். துணியில் இறங்கும்போது 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டால் முனை மழுங்கிவிட்டது என்று பொருள்.

துணி விஷயத்தில்தான் அதிகம் இழந்தேன். திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு முதல்முறை போனபோது, கையில் வழுக்கிக்கொண்டு விழும் ரேயானைப் பார்த்து மயங்கி நான்கு குர்திக்கு எடுத்து வந்தேன். உடுத்த அவ்வளவு குளிர்ச்சி. ஆனால் பருத்தி நனைந்தால் வலுக்கூடும், ரேயான் நனைந்தால் வலுவிழக்கும். இது தெரியாமல் துவைக்கும் கல்லில் எல்லாவற்றையும் போலவே முறுக்கிப் பிழிந்தேன். எட்டாவது மாதத்தில் தோள் தையலை ஒட்டி நூல் விலகி வாய் பிளந்தது, தையல் அப்படியே இருந்தது, துணிதான் விட்டுவிட்டது. நான்கில் ஒன்றுகூட இரண்டு வருடம் தாண்டவில்லை. இப்போதும் ரேயான் எடுப்பேன், நைட்டிக்கு மட்டும், பிழியாமல் கொடியில் சொட்டவிட்டுக் காயப்போட முடிந்தால்.

நெடுநாள் உழைத்தது கேம்பிரிக், நெருக்கமாக நெய்த பருத்தி. கடையில் அறுபதுக்கு அறுபது என்று கேட்டால் தருவார்கள், பாவும் ஊடையும், அதாவது நீளவாட்டிலும் குறுக்கிலும், அறுபதாம் நம்பர் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. 2021-ல் தைத்த இரண்டு கேம்பிரிக் குர்திகள் வாரம் இரண்டு முறை துவைத்தும் வெளியே போட்டுப் போகும் நிலையில் இருக்கின்றன, நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கிறது. மல்மல் என்ற மெல்லிய பருத்தி உடம்புக்குச் சுகம், ஆனால் தையல் ஓரத்தில் சீக்கிரம் பிரியும். அதற்கு ஓரத்தை உள்ளே மடித்து இரண்டாம் தையல் போட்டே ஆக வேண்டும். கைத்தறியில் ஒரு சங்கதி: வெட்டுவதற்கு முன் ஓர் இரவு முழுக்க ஊறவைத்துக் காயவைக்காமல் கத்தரியை எடுக்காதீர்கள். எனக்கு இரண்டரை மீட்டரில் மூன்று இன்ச் சுருங்கியது. உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் போகாது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சிவப்பில் மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் போனது. தனியாகத் துவைப்பது ஒன்றே வழி.

திருப்பூரில் இருப்பவளுக்குப் பனியன் துணியின் ஆசை வராமல் இருக்குமா? இங்கே அது கிலோக் கணக்கில்தான் விற்கும். 180 ஜிஎஸ்எம் துணி, அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை, ஒரு கிலோ வாங்கினால் ஐந்தரைச் சதுர மீட்டர் வரும். ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். அரைக்கை வைத்து இடுப்புக்குக் கீழே வரும் மூன்று மேல்சட்டை தாராளமாக வரும். சிக்கல் தையலில். என் மிஷின் நேர்த்தையல் மட்டுமே போடும். பனியன் துணி இழுபடும், நேர்த்தையல் இழுபடாது. தலைவழியே மாட்டும்போது கழுத்தில் 'படபட'வென்று நூல் அறுந்தது. பக்கத்துப் பவர் டேபிளில், அதாவது கூலிக்குத் தைக்கும் பட்டறையில், இருக்கும் அக்காவிடம் துணியோடு இழுபடும் ஓவர்லாக், பேட்லாக் தையல்களை அடித்து வாங்கிக்கொள்கிறேன், ஒரு சட்டைக்கு இருபது ரூபாய். அந்த வசதி இல்லாதவர்கள் பனியன் துணியைத் தொட வேண்டாம் என்பேன். அல்லது ஜிக்ஜாக் போடும் மிஷினும் முனை உருண்ட ஊசியும் வேண்டும்.

பேன்ட் எல்லோரும் பயப்படும் அளவுக்குக் கஷ்டம் இல்லை. இடுப்புச் சுற்றளவைவிட ஆசன அளவுதான் முக்கியம். சமமான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பின் பக்கவாட்டிலிருந்து நாற்காலிப் பலகை வரை அளந்து, அதோடு ஒரு இன்ச் கூட்ட வேண்டும். பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட இரண்டு இன்ச் உயர்த்தி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் கீழே உட்கார்ந்து காய் நறுக்கும்போது பின்னால் இறங்கும். சென்னிமலைக் கைத்தறிப் போர்வை ஒன்று, 60 இன்ச்சுக்கு 90 இன்ச், அதில் எனக்கு இரண்டு பேன்ட் வந்தது. அவற்றுக்கு நான்கு வயதாகிறது. இடுப்பு எலாஸ்டிக்தான் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை தொய்ந்துவிடுகிறது. அதனால் பட்டியின் உள்பக்கம் ஒரு இன்ச்சுக்குத் தைக்காமல் விட்டு ஒரு கொக்கி வைத்திருக்கிறேன். ஊக்கைக் கட்டிப் புதிய எலாஸ்டிக்கை நுழைக்கப் பத்து நிமிடம் போதும்.

பாக்கெட் இல்லாமல் நான் எதுவும் தைப்பதில்லை, நைட்டியில்கூட. அகலம் ஆறு இன்ச், ஆழம் எட்டு. முதலில் பக்கத் தையலில் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டேன். போனின் கனத்தில் அந்தப் பக்கம் மட்டும் இழுத்து, குர்தி கோணலாகியது. இப்போது பாக்கெட் வாயை ஒட்டிப் பக்கத் தையலுக்குள் ஒரு பருத்தி நாடாவை வைத்துத் தைக்கிறேன். கனத்தை நாடா தாங்கிக்கொள்கிறது.

காசு மிச்சமா என்றால், முதல் இரண்டு வருடம் இல்லை. வீணான துணியைக் கணக்கில் சேர்த்தால் நஷ்டம். இப்போது ஒரு குர்திக்குத் துணி, நூல் எல்லாம் சேர்ந்து முந்நூற்றைம்பது ரூபாய் ஆகிறது, வெட்டித் தைத்து முடிக்க மூன்று மணி நேரம். சனிக்கிழமை மதியம் எனக்கு அதற்கென்றே.

எல்லாவற்றிலும் எனக்கு நிறைவு தந்தது என்னுடையது அல்ல, என் மாமியாருடையது. போன வருடம் அத்தைக்கு வலது தோள் இறுகிக்கொண்டது, கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. நைட்டியைத் தலைவழியே மாட்ட ஒவ்வொரு நாளும் யாராவது உதவ வேண்டியிருந்தது, அதை அவர் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, இற்றுப்போகாத பகுதியாகப் பார்த்து எடுத்து, கழுத்திலிருந்து கீழே வரை முழுக்கத் திறக்கும் நைட்டி தைத்தேன். முதலில் ஒட்டும் பட்டி (வெல்க்ரோ) வைத்தேன், துவைக்கத் துவைக்க அதில் நூல் பிசிறு சேர்ந்து பிடிமானம் போயிற்று. கழற்றிவிட்டுப் பெரிய பட்டன் ஏழு வைத்தேன், இடது கையாலேயே போட வரும்படி காஜாவை, அதாவது பட்டன் நுழையும் துளையை, குறுக்காக வெட்டி. வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும் என்பதால் வலது கைக்குழியை மட்டும் இரண்டு இன்ச் இறக்கினேன். எனக்கு ஆகாத ஆழம் அவருக்கு வேண்டியிருந்தது.

முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு தானே போட்டு வந்து நின்றார். "பட்டன் கொஞ்சம் வழுவழுன்னு இருக்குது சாமி, மர பட்டனா வெச்சா நல்லா புடிக்கும்" என்றார். நான்கு நைட்டி ஆகிவிட்டது, எல்லாம் மரப் பட்டன். ஐந்தாவதற்கான துணியை நேற்று இரவு ஊறப்போட்டேன். மாடியில் இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது.