வாசலுக்கு எந்த முகம்? ராக்ஷ, சன்னி, கோலம், பூசணிக்காய்

கொழும்பில் புதுத் தொடர்மாடி வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கும், விடுமுறைக்கு வந்துவிட்டுக் கனடாவுக்குத் திரும்புகிற சொந்தக்காரர்களுக்கும் ஒரு பொதுவான ஆசை உண்டு: ஒரு மாஸ்க் வாங்கி மாட்டினால் என்ன? கொரோனா மாஸ்க் இல்லை. கண் பிதுங்கி, நாக்குத் தொங்கி, தலையில் பாம்புகள் படமெடுத்து நிற்கும் சிங்கள மர முகமூடி. கடைக்குப் போனால் எல்லா முகங்களும் ஒரே சுவரில்தான் தொங்கும். எதைத் தொட்டாலும் "வீட்டுக்கு நல்லது" என்பார் கடைக்காரர். விலை அளவைப் பொறுத்து ஏறும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சுவரில் இருப்பவை ஒரே குடும்பம் இல்லை. ஒன்று ஊர்வலத்துக்கு, ஒன்று வைத்தியத்துக்கு, ஒன்று சிரிக்க. அளவைப் பார்த்து முகமூடி வாங்குவது, போத்தலின் நிறத்தைப் பார்த்து மருந்து வாங்குவது மாதிரி. எந்த முகம் என்ன வேலை பார்த்தது என்று தெரிந்தால், எதை எங்கே மாட்டுவது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

முதலில் ராக்ஷ, அதாவது ராட்சச முகங்கள். பெரும்பாலானவர்கள் வாங்குவது இதைத்தான். நாக ராக்ஷ, குருளு ராக்ஷ, மயூர ராக்ஷ, கினி ராக்ஷ ஆகிய நான்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். நாகம் பாம்பு, குருளு கருடன், மயூர மயில், கினி நெருப்பு. 'கோலம்' என்ற சிங்கள முகமூடி ஆட்டத்தில் நாகமும் குருளுவும் மோதும். கருடன் பாம்பை அடக்கும். பெரஹரா ஊர்வலங்களிலும் ராக்ஷ வேஷக்காரர்களைப் பார்க்கலாம். தீய பார்வையை விரட்டுவதற்கு என்று வாசலில் மாட்டப் பொருத்தமானவை இவைதான். கடையில் சொல்லும் "நல்லது" இந்த வகைக்கு மட்டும் ஓரளவு சரி.

இந்த நான்குக்குள் எது? நாக ராக்ஷதான் அதிகம் விற்கும், பார்வைக்கும் எடுப்பானது. ஆனால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டு வாசலில் அத்தனை பாம்புகள் வேண்டுமா என்று யோசிக்கலாம். நாகத்தை அடக்கத்தான் குருளு வருகிறது என்பதால், காவல் என்று பார்த்தால் குருளுவே மேல் என்பது என் எண்ணம். மயூரவை அமைதிக்கும் செழிப்புக்கும் என்று விற்பார்கள். நம்மவர்கள் மயிலைக் கண்டதும் முருகனை நினைத்து இதைத்தான் தூக்குவார்கள். அது முருகனின் வாகனம் இல்லை, மயில் சூடிய ராட்சசன். இருந்தாலும் பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவரில் மற்ற மூன்றையும்விட இது குறைவாகவே உறுத்தும். கினி ராக்ஷவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிவப்பு நிறம் பிடித்தால் வாங்குங்கள்.

அடுத்தது சன்னி. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தெரியாமல் வாங்குகிறார்கள். தென்மாகாணக் கரையோரத்தில், மாத்தறை, பெந்தோட்டை, காலிப் பக்கம், நோயைத் தீர்ப்பதற்காக இரவிரவாக நடக்கும் தொவில் சடங்குகளில் ஒன்று 'தஹ அட்ட சன்னிய'. பதினெட்டு நோய்ப் பேய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். கண சன்னியவுக்குப் பார்வை இல்லை. கொர சன்னிய நொண்டி. பிஹிரிக்குக் காது கேட்காது, கொளுவுக்குப் பேச்சு வராது. வாத, பித், செம் என்று வரும் மூன்றும் நம் வைத்தியர்கள் சொல்லும் வாதம், பித்தம், கபமேதான். பட்டியல் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆக, இந்த முகங்கள் நோயை விரட்டும் காவலர்கள் இல்லை. நோயே இவைதான். வாய் ஒரு பக்கம் கோணிய முகத்தை 'கலை நயம்' என்று படுக்கையறையில் மாட்டுகிறவர், ஒரு நோயின் உருவப்படத்தோடு தூங்குகிறார்.

சடங்கில் இந்தப் பேய்கள் வரும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பேய் பயங்கரமாக ஆடிக்கொண்டு உள்ளே வரும். மேளக்காரர் அதை நிறுத்தி, நீ யார், எதற்கு வந்தாய் என்று விசாரிப்பார். பேய் உளறும். சபையைப் பார்த்து அசட்டு நகைச்சுவை பேசும். மேளக்காரர் விடாமல் கலாய்ப்பார். கடைசியில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, நோயாளியை விட்டுப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகும். நோயாளியும் ஊரும் கூடிச் சிரிப்பார்கள். பயமுறுத்தி வந்தது பரிகாசத்துக்கு ஆளாகிப் போவதில்தான் வைத்தியமே இருக்கிறது. சுவரில் தொங்கும் சன்னி முகத்தில் பாதிதான் இருக்கிறது. பயம் இருக்கிறது, பகிடி பண்ண மேளக்காரர் இல்லை.

இந்தப் பதினெட்டில் 'தெமள சன்னிய' என்று ஒன்றும் உண்டு. ஆமாம், நோய்ப் பேய்களில் ஒருவன் தமிழன். கெட்ட கனவுகளை அவன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். கேட்டதும் சிலருக்குக் கோபம் வரும். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இந்தப் பேய்களின் தலைவனான மஹா கோல சன்னியவே, கதைப்படி, இந்தியாவின் விசாலை நகரத்தவன். செய்யாத குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட அரசியின் உடலிலிருந்து பிறந்த பிள்ளை அவன். பழிவாங்குவதற்காக நஞ்சிலிருந்து இந்தக் கூட்டத்தை உருவாக்கி நகரத்தை அழிக்கக் கிளம்பியபோது, புத்தர் வந்து அடக்கினார் என்பார்கள். தலைவனே வெளியூர்க்காரன், தமிழனை மட்டும் தனியாகக் குறை சொல்வானேன். தமிழர்கள் அதிகம் வாழும் வெள்ளவத்தையில் ஒரு வரவேற்பறையில் தெமள சன்னியவை மாட்டினால், வருகிற விருந்தாளிகளிடம் பேச்சுக்குக் குறைவே இருக்காது.

பதினெட்டுச் சின்ன முகங்களையும் தன்னோடு சேர்த்து வைத்திருக்கும் மஹா கோல முகம், செதுக்கு வேலை என்ற அளவில் எல்லாவற்றையும்விடக் கடினமானது. பழைய கோல, சன்னி முகங்களைப் பார்க்க, முகமூடி செதுக்குகிறவர்களின் ஊரான அம்பலாங்கொடை வரை போக வேண்டியதில்லை. 1877இல் திறந்த கொழும்பு நூதனசாலையிலேயே அவற்றின் தொகுப்பு இருக்கிறது. வாங்கும் முன் அங்கே ஒரு நடை போய்விட்டு வந்தால், கடையில் தொங்குபவற்றில் எது பழைய அச்சைப் பின்பற்றியது, எது சுற்றுலாப் பயணிக்காகக் கண்டுபிடித்தது என்று கண் பிரித்துச் சொல்லும்.

கோல முகங்கள் மூன்றாவது. கடைகளில் ஓரமாகக் கிடப்பவை இவை. என் தேர்வு இதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மகா சம்மத அரசனின் மனைவிக்கு மசக்கை. அவளுக்கு வந்த ஆசை புளியோ மாங்காயோ இல்லை, முகமூடி ஆட்டம் பார்க்க வேண்டும் என்பது. அப்படி ஒன்று உலகத்தில் இல்லாததால் தேவர்கள் முகங்களைச் செய்து அரண்மனைத் தோட்டத்தில் வைத்துவிட்டுப் போனார்களாம். கோலத்தின் பிறப்பு இது என்று சொல்வார்கள். ஆட்டம் முழுக்க ஊர் மனிதர்கள். அரச கட்டளையைப் பறையடித்துச் சொல்லவரும் கிழவர் அனபெர, அவரைத் தேடிக்கொண்டு வரும் பல் துருத்திய மனைவி நொஞ்சி அக்கா, போரில் அடிபட்டு முகம் சிதைந்த சிப்பாய், சலவைத் தொழிலாளி ஜசயா, அவன் மனைவி லெஞ்சினா. அப்புறம் ஆரச்சி, முதலி, பொலிஸ். வெள்ளைக்காரன் காலத்து அதிகாரிகளை ஊர்க்காரர் எப்படிப் பார்த்தார்கள் என்பது அந்த முகங்களில் அப்படியே இருக்கிறது. ராஜாவும் ராணியும் இவர்களுக்குப் பிறகு வருவார்கள். கிரீடத்தோடு சேர்த்து அந்த முகமூடி அவ்வளவு பெரியது என்பதால் ஆட முடியாது. மெதுவாக நடந்துவந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதிகாரத்தைப் பற்றி இதைவிட நன்றாக யார் சொல்லிவிட முடியும்.

ஒவ்வொரு பாத்திரமும் வருமுன் யார் வருகிறார் என்று பாடி அறிமுகம் செய்வார்கள். வரவுப் பாட்டும் கட்டியகாரனும் பார்த்து வளர்ந்த மட்டக்களப்புக்காரருக்கு இது அந்நியமாக இருக்காது. வித்தியாசம், நம் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் முகத்துக்கு அரிதாரம், தலைக்குக் கிரீடம்; முகமூடி இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வீட்டில் ஒரு நொஞ்சி அக்கா இருக்கட்டுமே. ராக்ஷ முகத்தைப் பார்த்து விருந்தாளி ஒருமுறை திடுக்கிடுவார், அப்புறம் பழகிவிடும். நொஞ்சியின் முகத்தில் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று புதிதாகத் தெரியும், யாரோ தெரிந்த மாமி மாதிரி.

சரி, நம் பக்கத்துப் போட்டியாளர்கள் என்ன ஆனார்கள்? கண்ணூறுக்கும் நாவூறுக்கும் நாம் மரம் செதுக்கிக்கொண்டிருக்கவில்லை. நீற்றுப் பூசணிக்காயில் மீசையும் பல்லும் வரைந்து கட்டினோம். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டு உச்சியில் வைக்கோல் வெருளி நிறுத்தினோம்; சிங்களவரும் 'பம்பயா' என்று அதையேதான் நிறுத்துகிறார்கள், காலி வீதியில் எழும்பும் கட்டடங்களில் எது யாருடையது என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. கடைகளிலும் ஓட்டோக்களிலும் தேசிக்காயும் மிளகாயும். செலவைப் பார்த்தால் இவற்றை எந்த ராக்ஷவும் வெல்ல முடியாது. இன்னொரு நேர்மையும் உண்டு: பூசணி அழுகும். அழுகினால் மாற்றியே ஆகவேண்டும். மர முகத்தை ஒருமுறை ஆணியில் மாட்டியபின் யார் நினைக்கிறார்கள்? தொடர்மாடியில் மட்டும் சிக்கல். பொதுத் தாழ்வாரத்தில் பூசணி கட்டினால் நிர்வாகக் குழுவிலிருந்து கடிதம் வரும், எறும்பு அதற்கு முன்பே வரும்.

ஒப்பீடு என்று எழுத உட்கார்ந்தபின் ஒரு முகமூடியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியவில்லை. வீட்டில் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டவர்கள் "முகமூடி கிகமூடி எல்லாம் வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பினால், அது அழகுணர்ச்சி சம்பந்தப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள். போர்க்காலத்தில் ராணுவம் சுற்றிவளைத்துப் பிடித்த இளைஞர்களை வரிசையில் நிறுத்தி, சாக்கால் முகம் மூடிய ஒருவர் முன்னால் நடக்கவிடுவார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அந்தத் தலை மேலும் கீழும் அசைந்தால் அந்தப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவார்கள். 'தலையாட்டி' என்றால் எந்தத் தமிழ் வீட்டிலும் புரியும். 1987 முதல் 1989 வரையான ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் தெற்கிலும் இதே சாக்கு நின்றது, அங்கே 'கோணி பில்லா'. சன்னிக்கும் ராக்ஷவுக்கும் பெயர் உண்டு, கதை உண்டு, எப்போது வந்து எப்போது போகும் என்பது ஊருக்குத் தெரியும். சாக்குக்கு எதுவும் இல்லை. அதனால்தான் அதைச் சிரித்து விரட்ட யாராலும் முடியவில்லை. பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வாங்குவதானால் முதலில் அவர்களைக் கேட்டுவிடுங்கள்.

அரசாங்கத்துக்கும் முகமூடி விஷயத்தில் ஒரே மனம் இருந்ததில்லை. 2019 ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பின் ஏப்ரல் 29ஆம் தேதி முதல் முகத்தை மூடுவது தடை. அடுத்த வருஷமே முகத்தை மூடாமல் வெளியே போனால் குற்றம். அந்த நீல நிறத் துணுக்கையும் சட்டம் போட்டு வாங்கவைத்தார்கள். வாசலில் மாட்ட யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றாலும், வாசல் கதவின் கைப்பிடியில் அதுதான் அதிக நாள் தொங்கியது.

இனி வாங்கும் இடம். அரசாங்கக் கைவினைக் கடையான லக்சலவில் விலை எழுதியிருக்கும், பேரம் இல்லை, ஏமாறும் பயமும் இல்லை; தெரிவு குறைவு. மற்றக் கடைகளில் பேரம் பேசத் தெரிந்தால் லாபம். அம்பலாங்கொடைக்குக் கரையோர ரயிலில் போய்வரலாம். அங்கே அரியபால முகமூடி நூதனசாலையும், உளி பிடித்து வேலை செய்கிறவர்களும் இருப்பதால், கோல முகம்தான் வேண்டும் என்கிறவர்கள் நேரே அங்கே போவதே நல்லது. கொழும்புக் கடைகள் நொஞ்சிக்கு இடம் ஒதுக்குவதில்லை.

எங்கே வாங்கினாலும் முதலில் முகமூடியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முகமூடி செதுக்கும் கதுரு மரம் கையில் எடுத்தால் பஞ்சாக இருக்கும். கனத்தால் வேறு மரம். பின்பக்கம் உளி பட்ட தடம் வரிவரியாகத் தெரிந்தால் கைவேலை. முகம் பொருந்தும் அளவுக்குக் குடைந்து, பார்க்க இடைவெளியும் விட்டிருந்தால் ஆடும் முகத்தை மனதில் வைத்துச் செய்தது. தட்டையாக, கண்ணில் ஓட்டையே இல்லாமல் இருந்தால் சுவருக்கென்றே பிறந்தது. மஞ்சள் மாப்போல ஏதாவது உதிர்ந்தால் உளுத்தது, தொடாமல் திருப்பிக் கொடுங்கள். கடலோரத் தொடர்மாடி என்றால் சாதாரண ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும், பித்தளைக் கொக்கி போடுங்கள்.

என்னைக் கேட்டால் வாசலுக்குக் குருளு, ஹோலுக்கு நொஞ்சி அக்காவும் அனபெரவும் ஜோடியாக. படுக்கையறைக்கு எதுவும் வேண்டாம். சன்னி வாங்கியே ஆகவேண்டும் என்றால் டாக்டர் நண்பர் யாருக்காவது பரிசாகக் கொடுங்கள், பதினெட்டு நோயும் பரிச்சயமானவராக இருப்பார். பெட்டியில் வைத்து வெளிநாடு கொண்டுபோகிறவர்கள், காதுகள் தனியாகக் கழன்று வரும் ராக்ஷவைத் தேடுங்கள், இல்லாவிட்டால் அதுதான் முதலில் உடையும். பழைய முகமூடி என்று சொல்லி விற்றால் தொல்பொருள் திணைக்கள அனுமதியைப் பற்றிக் கேளுங்கள். அவுஸ்திரேலியா போகிறவர்கள் மரச்சாமான் இருக்கிறது என்று விமான நிலைய அட்டையில் மறக்காமல் எழுதிவிடுங்கள்.