ஸ்டிமுலஸ் கன்ட்ரோலர்: கனெக்ட்டில் மாட்டியதை டிஸ்கனெக்ட்டில் கழற்றுங்கள்

2018-ல் பேஸ்கேம்ப் குழு வெளியிட்ட ஸ்டிமுலஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க், பக்கத்தைத் தானாக உருவாக்காது. சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றும் டர்போவோடு சேர்த்து நாள்பட ஓட்டும்போதுதான் கன்ட்ரோலர்கள் (எலிமெண்ட்டோடு இணைந்து அதை இயக்கும் கோடு) உடையும் இடங்கள் தெரிகின்றன.

பாதிக் கோளாறுக்குக் காரணம், கன்ட்ரோலரின் கனெக்ட் ஃபங்ஷன் ஒருமுறைதான் ஓடும் என்ற நினைப்பு. ஒருமுறை ஓடுவது இனிஷியலைஸ். எலிமெண்ட் பக்கத்துக்குள் வரும்போதெல்லாம் கனெக்ட் ஓடும், வெளியேறும்போது டிஸ்கனெக்ட். தேதி தேர்வு லைப்ரரியைக் கனெக்ட்டில் ஏற்றி, டிஸ்கனெக்ட்டில் அழிக்காமல் விட்டால், அது செருகிய டிவ்களும், பேக் அழுத்தும்போது காட்ட டர்போ சேமித்து வைக்கும் கேஷ் பிரதிக்குள் போய்விடும். பயனர் பேக் அழுத்தியதும் கனெக்ட் மறுபடி ஓட, அதே இடத்தில் இரண்டு தேதிப் பெட்டி. நிறுத்தாத டைமரும் அப்படித்தான், பக்கம் மாறிய பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு பொறி: நிகழ்வைக் கவனிக்கும் லிசனரைச் சேர்க்கும்போது ஒரு பைண்ட் (ஃபங்ஷனை கன்ட்ரோலரோடு கட்டுவது), நீக்கும்போது இன்னொரு பைண்ட். பைண்ட் ஒவ்வொரு முறையும் புது ஃபங்ஷனைத் தருவதால் பழைய லிசனர் நீங்காது. இனிஷியலைஸில் ஒருமுறை பைண்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட, எச்டிஎம்எல் எலிமெண்ட்டின் டேட்டா-ஆக்‌ஷனிலேயே விண்டோ நிகழ்வை எழுதிவிடுவது மேல். சேர்ப்பதையும் நீக்குவதையும் ஸ்டிமுலஸே பார்த்துக்கொள்ளும்.

ஸ்லைடு எண் போன்ற நிலையை வேல்யூவில், அதாவது எச்டிஎம்எல்லிலேயே வையுங்கள். கேஷிலிருந்து திரும்பினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் வேல்யூ மாற்றத்துக்கான கால்பேக் முதல்முறை கனெக்ட்டுக்கு முன்பே ஓடிவிடும். கனெக்ட்டில் உருவாக்கும் பொருளை அங்கே தொட்டால் பிழைதான்.

காப்பி பட்டனில் கிளிப்போர்டு வசதி எச்டிடிபிஎஸ் இருந்தால்தான் கிடைக்கும். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு விலக்கு உண்டு. அதனால் சொந்தக் கணினியில் ஓடும், வெறும் எச்டிடிபி சர்வரில் ஏற்றியதும் படுத்துவிடும். பட்டனை சிஎஸ்எஸ்ஸில் மறைத்து வைத்து, வசதி இருக்கிறதா என்று கனெக்ட்டில் பார்த்த பிறகே காட்டும் கிளாஸைச் சேர்ப்பது முறை. எல்லாப் பக்கத்திலும் இல்லாத டார்கெட்டை (கன்ட்ரோலர் பெயரிட்டுத் தேடும் எலிமெண்ட்டை), அது இருக்கிறதா என்று பார்க்கும் ஹேஸ் சோதனை இல்லாமல் தொடாதீர்கள்; இல்லாத இடத்தில் எர்ரர் எறியும்.

மறுபயன்பாட்டுக்குப் பெயரே முதல் படி. 'இன்வாய்ஸ் பக்கம்' என்று பெயர் வைத்த கன்ட்ரோலர் அங்கேயே முடங்கும். 'கிளிப்போர்டு' எங்கும் போகும். சிஎஸ்எஸ் கிளாஸ் பெயரையும் கன்ட்ரோலர் எச்டிஎம்எல்லிலிருந்தே வாங்கட்டும்.

எழுதி முடித்ததும் வேறு பக்கம் போய், பேக், ஃபார்வர்டு, மறுபடி பேக் அழுத்திப் பாருங்கள். பிறகு அதே கன்ட்ரோலரை ஒரே பக்கத்தில் இரண்டு இடத்தில் வைத்து, ஒன்றை அழுத்தினால் மற்றது அசைகிறதா என்று கவனியுங்கள்.