ஃபிட்னஸ் பேண்டுகளும் வாரண்டி என்ற சமாச்சாரமும்

கையில் கட்டிக்கொண்டால் அடி, இதயத் துடிப்பு, தூக்கம் எல்லாம் கணக்கிடும் ஃபிட்னஸ் பேண்ட் பற்றி வரும் விமர்சனங்களில் முக்கால்வாசி, வாங்கிய முதல் வாரத்திலேயே எழுதப்படுபவை. முதல் வாரத்தில் எல்லா பேண்டும் நல்ல பேண்ட்தான். டிஸ்பிளே பளிச்சென்று இருக்கும், சார்ஜ் சொன்ன நாள்வரை நிற்கும், ஸ்ட்ராப் கையில் இருப்பதே தெரியாது. அதற்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சில வருஷங்களாக ஒன்று போனால் இன்னொன்று என்று வெவ்வேறு கம்பெனி பேண்டுகளைக் கட்டிவருகிறேன். முன்பெல்லாம் நடை, ஓட்டம், நீச்சல், தூக்கம் எல்லாவற்றுக்கும் கையிலேயே கிடக்கும், சார்ஜ் போட மட்டும்தான் கழற்றுவேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் பழுதாகின்றன, கஸ்டமர் கேரில் வரும் பதிலும் ஒரே பதில்தான், அதனால் ஒன்றைத் திட்டி இன்னொன்றைப் புகழ்வதில் அர்த்தமில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே இருக்கும் சென்சார்கள் என்னைக் கைவிட்டதே இல்லை. தோலின் மேல் பச்சை வெளிச்சம் அடித்து, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் அதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து இதயத் துடிப்பைக் கணக்கிடும் அந்தச் சின்ன சென்சார், பேண்ட் சாகும் நாள்வரை வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அடி எண்ணுவதும் அப்படித்தான். பேண்டைச் சாகடிப்பவை அதைச் சுற்றி இருக்கும் சில்லறைச் சமாச்சாரங்கள்: ஸ்ட்ராப், பசை, சார்ஜிங் பின், பேட்டரி. இப்போது வாரண்டி தாளை எடுத்து, அதில் எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று போட்டிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்.

ஸ்ட்ராப்பை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பர், இல்லாவிட்டால் டிபியு என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக். வியர்வை, சோப்பு, சன்ஸ்கிரீன், உடம்பு எண்ணெய் எல்லாம் அதில் தினமும் ஊறுகின்றன. கொசு விரட்டும் கிரீம்கள் பலவற்றில் டீட் என்ற ரசாயனம் இருக்கிறது, அது சில பிளாஸ்டிக்குகளையே இளக்கிவிடக்கூடியது, அந்தக் கிரீமைப் பூசிய கையிலேயே பேண்டையும் கட்டுகிறோம். விரிசல் விழும் இடம் எப்போதும் ஒன்றுதான், ஸ்ட்ராப் பேண்டோடு சேரும் அந்த வளைவு. முதலில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். ஸ்ட்ராப்பை வளைத்தால் கோடு வாயைத் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். அந்த நிலையில் கஸ்டமர் கேருக்கு ஃபோட்டோ அனுப்பினால் பழுது தெரியவில்லை என்பார்கள். முழுதாகப் பிய்ந்த பிறகு அனுப்பினால் தேய்மானம், வாரண்டியில் வராது என்பார்கள். ஸ்ட்ராப்பைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற மாடலாக இருந்தால் இதோடு போயிற்று. ஸ்ட்ராப்பும் உடலும் ஒன்றாகவே வார்க்கப்பட்ட மாடல் என்றால், ஒரு ரப்பர் துண்டு பிய்ந்ததற்காக நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கருவியைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

பெட்டியின் மேல் நீச்சல் அடிக்கும் மனிதன் படம் போட்டிருக்கும், பக்கத்தில் 5 ஏடிஎம் (அழுத்தத்தின் அளவு) அல்லது 50 மீட்டர் என்று இருக்கும். 50 மீட்டர் ஆழம்வரை போகலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவ்வளவு ஆழத்தில் இருக்கும் நீரழுத்தத்தை, அசையாத நிலையில், சோதனைக்கூடத்தில், புதுசாக இருக்கும்போது தாங்கியது என்று மட்டும்தான் அர்த்தம். கைக்கடிகாரங்களின் நீர்த்தாங்கு திறனுக்கு ஐஎஸ்ஓ 22810 என்று ஒரு தர நிர்ணயமே இருக்கிறது. ஐபி68 என்று, தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான குறியீடு போட்டிருந்தால் அது வேறு சோதனை, அதிலும் நல்ல தண்ணீரில்தான் முக்கிப் பார்க்கிறார்கள், குளோரினும் சோப்பும் கடல் உப்பும் கலந்த தண்ணீரில் இல்லை. வெந்நீர்க் குளியல் இன்னும் மோசம். சூட்டில் பசையும் ரப்பர் வளையமும் இளகும், சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் நுழையாத சந்திலும் தண்ணீர் நுழையும். நீர்த்தாங்கு திறன் நிரந்தரம் இல்லை, நாளாக ஆகக் குறையும் என்று கம்பெனிகளே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சரி, அதெல்லாம் இயற்பியல், குறை சொல்ல முடியாது. ஆனால் நீச்சல் படம் போட்ட பெட்டிக்குள்ளேயே இருக்கும் வாரண்டி தாளில், தண்ணீரால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று எழுதுவது என்ன நியாயம்? குடையை விற்றுவிட்டு, நனைந்தால் வாரண்டி கிடையாது என்பது மாதிரிதான் இது.

எனக்கு ஆனது இப்படி. ஒருநாள் நீச்சல் முடித்து வந்தபோது கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு மூலையில் பனி படர்ந்தாற்போல இருந்தது. மத்தியானத்துக்குள் மறைந்துவிட்டது, மறுநாள் மறுபடி வந்தது. அப்புறம் தொடுதிரை தானாகவே ஆட ஆரம்பித்தது, நான் தொடாமலே ஒர்க்அவுட் தொடங்கும், அலாரம் அணையும். கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தூக்கியிருந்தது, நகம் நுழையும் அளவு. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்க்ரூ கிடையாது, திரை வெறும் பசையில் நிற்கிறது. பசை காய்ந்து விடலாம், இல்லாவிட்டால் உள்ளே பேட்டரி உப்பி திரையைத் தள்ளலாம். இரண்டில் எது என்று திறந்து பார்க்காமல் யாருக்கும் தெரியாது, திறந்தால் வாரண்டி போய்விடும்.

கஸ்டமர் கேரில் சாட் ஆரம்பித்தேன். வழக்கம்போல் முதலில் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். அப்புறம் ஆப்பிலிருந்து பேண்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கச் சொன்னார்கள். நீக்கினேன், சேரவில்லை, திரைதான் ஆடிக்கொண்டிருக்கிறதே. "உங்கள் சாதனத்தின் சீரியல் நம்பரைத் தெரிவிக்கவும்" என்று அடுத்த செய்தி வந்தது. சீரியல் நம்பர் எங்கே இருக்கிறது? பேண்டின் பின்பக்கம், சென்சாரைச் சுற்றி, எறும்பு எழுத்தில். அதாவது ராப்பகலாக வியர்வையோடு தோலில் உரசும் இடத்தில். பாதி எண்கள் அழிந்துபோயிருந்தன. ஆப்பில் முழு எண்ணும் இருந்தது, ஆனால் அவர்கள் சொல்லித்தான் சற்றுமுன் அங்கிருந்து நீக்கியிருந்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் காப்பாற்றியது. அடுத்து பில். அது தெர்மல் தாளில் அடித்த பில், வெளுத்து வெறும் தாளாகியிருந்தது. பணம் கட்டிய வங்கிக் கணக்கு விவரத்தை அனுப்பி, அது செல்லாது என்று அவர்கள் சொல்லி, வேறொருவர் சாட்டுக்கு வந்து, மறுபடி முதலிலிருந்து "ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா" என்று கேட்டு... விடுங்கள். கடைசியில் மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கறாராகக் கேட்ட பிறகுதான் மாற்றுப் பேண்டுக்குச் சம்மதித்தார்கள்.

வந்தது ரீஃபர்பிஷ்ட், அதாவது பழையதைச் சரிசெய்து மறுபடி அனுப்பியது. வெள்ளை அட்டைப்பெட்டியில் பேண்டின் உடல் மட்டும், சார்ஜர் இல்லை, ஸ்ட்ராப் இல்லை. அதில் தப்பில்லை, பல கம்பெனிகளின் விதியே அதுதான். உறுத்துவது வேறு. மாற்றிக் கொடுத்த பேண்டுக்கு வாரண்டி புதிதாக ஆரம்பிப்பதில்லை, பழையதில் மிச்சமிருக்கும் காலம்தான், சிலர் அதோடு 90 நாள் என்று ஒரு குறைந்தபட்சம் வைத்திருக்கிறார்கள். அதே டிசைன், அதே பசை, அதே இடத்தில் மறுபடி பழுதாகும்போது வாரண்டி காலம் முடிந்திருக்கும். பழுதைச் சரிசெய்து கொடுத்ததாக இதை எப்படி எடுத்துக்கொள்வது? பழுதுக்குக் கொஞ்சம் தவணை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சார்ஜிங் பின் விஷயம் சின்னதுதான், ஆனால் வாங்குபவர்கள் யாரும் யோசிப்பதில்லை. பின்பக்கம் இருக்கும் அந்த உலோகப் புள்ளிகளில் வியர்வை உப்பு தங்கும், அந்த ஈரத்தோடு சார்ஜரில் வைத்தால் மின்சாரம் பாய்ந்து உலோகத்தை அரிக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ படியும். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் சார்ஜ் ஏறாது. ஒரு கோணத்தில் சாய்த்து மேலே ஏதாவது கனமாக வைத்தால் ஏறும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்தால் ஆரம்பத்தில் சரியாகும். குழி விழுந்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. வாரண்டியில் கேட்டால் அரிப்பு என்பது "வெளிக்காரணம்". கையில் கட்டும் பொருளுக்கு வியர்வை எப்படி வெளிக்காரணம் ஆகும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பேட்டரியில் ஒரு சின்னக் கணக்கு. லித்தியம் அயான் பேட்டரி சுமார் 300 முதல் 500 முழு சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு அசல் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கும் என்பது பொதுவான கணிப்பு. வாரம் ஒருமுறை சார்ஜ் போடும் சாதாரண பேண்ட் என்றால் வருஷத்துக்கு 52 சுழற்சிதான், கணக்குப்படி ஐந்தாறு வருஷம் தாங்க வேண்டும். ஜிபிஎஸ், எப்போதும் எரியும் திரை, ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் அளவு பார்ப்பது எல்லாவற்றையும் போட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வருஷத்துக்கு 180ஐத் தாண்டும், இரண்டாவது வருஷத்திலேயே தளர்வு தெரியும். அதனால் எனக்கு வேண்டாத அம்சங்களை எல்லாம் அணைத்துவிட்டேன், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. பேட்டரியை மாற்றிக்கொள்ளலாமே என்றால் அதற்கு வழியே வைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் வருஷத்து பேட்டரிச் சட்டம், 2027 பிப்ரவரி முதல் சிறு சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. தண்ணீரில் புழங்குவதற்கென்றே செய்த சாதனங்களுக்கு அதில் சலுகையும் உண்டு, தொழில்முறை ஆட்கள் மாற்ற முடிந்தால் போதும் என்று. பேண்ட் கம்பெனிகள் எந்தப் பக்கம் போய் நிற்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இதெல்லாம் என் கைராசி என்று நினைத்துவிட வேண்டாம், பெரிய பெயர்களுக்கே நடந்தவை பதிவில் இருக்கின்றன. ஜாபோன் என்ற கம்பெனி 2011இல் தன் முதல் 'அப்' (UP) பேண்டில் பழுது பெருகியதால், திருப்பிக் கொடுக்காமலே வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அறிவித்தது. 2017இல் அந்தக் கம்பெனியே கலைக்கப்பட்டது. ஃபிட்பிட் கம்பெனியின் ஃபோர்ஸ் பேண்ட் தோலில் தடிப்பை உண்டாக்குகிறது என்று 2014இல் திரும்பப் பெறப்பட்டது. 2022 மார்ச்சில் ஃபிட்பிட் அயானிக் வாட்ச், பேட்டரி சூடேறித் தோலைச் சுடுகிறது என்பதற்காகத் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் வாட்சுகள் விற்றிருந்தன, தீக்காயம் பட்டதாக அங்கே 78 புகார்கள். அந்த ஆபத்தை உடனே தெரிவிக்கவில்லை என்ற வழக்கில் 2025 ஜனவரியில் 1 கோடியே 22.5 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஃபிட்பிட் ஒப்புக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் பேண்ட் வேறு வகை, கருவி நன்றாக இருந்தாலும் 2019 மே 31உடன் அதன் ஆப்பும் சர்வரும் மூடப்பட்டன, தகுதியுள்ளவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெப்பிள் என்ற ஸ்மார்ட்வாட்ச் கம்பெனி 2016 டிசம்பரில் கடையைக் கட்டியபோது வாரண்டியும் அதோடு போனது. வாரண்டி கொடுத்தவரே இல்லாமல் போனால் அந்தத் தாளை வைத்து என்ன செய்வது?

வாரண்டி என்றால் தயாரித்தவரோடு மட்டும்தான் பேச வேண்டும் என்றில்லை, பல நாடுகளில் விற்றவருக்கும் சட்டப்படி பொறுப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது இரண்டு வருஷம் விற்றவர்தான் பொறுப்பு, முதல் வருஷத்தில் தெரியும் பழுது ஆரம்பத்திலேயே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, கம்பெனி சாட்டில் இறங்குவதற்கு முன்னால் விற்றவரிடம் போங்கள். கம்பெனிக்காரர் இதை உங்களுக்கு வாய்தவறிக்கூடச் சொல்ல மாட்டார்.

இப்போது நான் புதுசு வாங்கினால் முதலில் பார்ப்பது ஸ்ட்ராப் கோர்க்கும் இடத்தை. 18, 20, 22 மில்லிமீட்டர் என்று பொது அளவில், ஸ்பிரிங் பாரில் (வாட்ச் ஸ்ட்ராப்பை மாட்டும் சின்னக் கம்பி) மாட்டுகிற மாதிரி இருந்தால் மட்டும் மேற்கொண்டு யோசிப்பேன். அந்தக் கம்பெனி மட்டுமே விற்கும் விசேஷக் கொக்கி என்றால் வேண்டாம், மாடலை நிறுத்தினால் ஸ்ட்ராப்பும் நின்றுவிடும். பெட்டியைப் பிரித்த அன்றே பின்பக்க எண்ணையும் பில்லையும் ஃபோட்டோ எடுத்துவிடுகிறேன். பழுது தெரிய ஆரம்பித்தால் முதலில் வீடியோ, அப்புறம்தான் ரீசெட். சாட்டை நம்பாமல் மின்னஞ்சலில் எழுதுகிறேன், பேசினாலும் டிக்கெட் நம்பர் வாங்கிக்கொண்டுதான் வைப்பேன். ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சார்ஜில் வைப்பேன். குளிக்கும்போது கட்டுவதில்லை.

வாங்கலாமா என்று கேட்டால், அடி எண்ண மட்டும் என்றால் பையில் இருக்கும் போனே போதும், பேண்ட் தேவையில்லை. துடிப்பும் தூக்கமும் பார்க்க வேண்டுமென்றால் ஒன்றரை வருஷத்துக்கு வாடகைக்கு எடுப்பதாக நினைத்து அந்தத் தொகை கட்டுபடியாகுமா என்று பாருங்கள், அதற்கு மேல் ஓடினால் லாபம். நீச்சலுக்காகவே வாங்குகிறவர்கள் மட்டும், பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வாரண்டி தாளில் தண்ணீர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இணையத்தில் எடுத்துப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்கு மாற்றிக் கொடுத்த அந்த ரீஃபர்பிஷ்ட் இன்னமும் ஓடுகிறது, ஆனால் அதை நான் தண்ணீரில் இறக்குவதே இல்லை.