கட்டைவிரல் தப்பாக நிற்கும் ஃபோம் கை: 2 நட்சத்திரம், அட்டைக்கு அதுவும் இல்லை

பையன் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம். ஆஸ்டினில் ஃபுட்பால் ஆட்டத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று நினைத்து, இணையத்தில் 16 டாலருக்கு ஒரு ஆரஞ்சு ஃபோம் கை வாங்கினேன், ரசிகர்கள் கையில் மாட்டி வீசுகிற பெரிய பஞ்சுக் கை. டெக்சஸ் ரசிகர்கள் விரலால் காட்டும் 'ஹூக் எம்' முத்திரை. ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் நிமிர்ந்து நிற்கணும், நடுவில் இருக்கிற இரண்டையும் கட்டைவிரல் அமுக்கிப் பிடிக்கணும். அணியின் சின்னமான லாங்ஹார்ன் மாட்டின் கொம்பு, அவ்வளவுதான் விஷயம். வந்த கையில் கட்டைவிரல் பக்கவாட்டில் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. அமெரிக்கச் சைகை மொழியில் அதற்கு 'உன்னை நேசிக்கிறேன்' என்று அர்த்தம். "அப்பா, இதை வச்சுக்கிட்டு என் பக்கத்துல மட்டும் நிக்காதீங்க" என்றான் பையன். பரதநாட்டியம் படிக்கும் சின்னவள் ஒரு நொடி பார்த்துவிட்டு, "இது சிம்மமுகம் மாதிரி, ஆனா தப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஃபோம் மோசமில்லை, கெட்டியாகவே இருக்கிறது. நிறம்தான் இந்த ஊர்க்காரர்கள் போடும் செங்கல் கலந்த ஆரஞ்சாக இல்லாமல், சாலை போடுகிறவர்களின் சட்டை மாதிரிப் பளிச்சென்று அடிக்கிறது. இதையெல்லாம் மன்னித்துவிடலாம். கூடவே ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள் பாருங்கள், 'வரலாறு' என்று தலைப்புப் போட்டு, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் வரி: இந்த முத்திரையைக் கண்டுபிடித்தவர் ஹார்லி கிளார்க், 1955. பாதி சரி. அந்த வருஷம் தலைமை சியர்லீடராக இருந்தவர் கிளார்க்தான், நவம்பரில் டிசியூ (டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்) ஆட்டத்துக்கு முந்தின இரவு கிரெகரி ஜிம்மில் கூடியிருந்த மாணவர்களுக்கு இதைக் காட்டி, இனி இதுதான் நம் முத்திரை என்று அறிவித்ததும் அவர்தான். ஆனால் யோசனை அவருடையது இல்லை. ஹென்றி பிட்ஸ் என்ற சக மாணவர் சுவரில் விரல்நிழல் காட்டி விளையாடும்போது மாட்டுத்தலை மாதிரி விழுந்த உருவம் அது. கிளார்க் இதை ஒருநாளும் மறைக்கவில்லை, பின்னாளில் நீதிபதியான மனிதர், கேட்டவர்களிடமெல்லாம் பிட்ஸ் பெயரைச் சொன்னார். அவரே விட்டுக்கொடுத்த பெருமையை 16 டாலர் பொம்மையின் அட்டை திரும்பப் பிடுங்கி அவர் தலையிலேயே கட்டுகிறது. மறுநாள் ஆட்டத்தில் டிசியூ எங்களை 47-20 என்று துவைத்து எடுத்ததையும் அட்டை சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

இதே டிசியூவை வைத்துத்தான் பக்கத்து வீட்டுப் பங்காளியான டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கட்டைவிரல் முத்திரையும் பிறந்தது என்பார்கள். டிசியூ அணிக்குப் பேர் கொம்புத் தவளைகள். 1930இல் பிங்கி டவுன்ஸ் என்ற ஏ அண்ட் எம் பழைய மாணவர், அந்தக் கொம்புத் தவளைகளை என்ன செய்யப் போகிறோம் என்று கூட்டத்தைக் கேட்டு, 'கிக் எம்' என்று அவரே பதிலும் சொல்லிக் கட்டைவிரலைத் தூக்கினாராம். உதைக்கிற கிக் இல்லை, தவளையைக் குத்திப் பிடிக்கிற ஈட்டி. கொம்புத் தவளை என்பது நிஜத்தில் ஓணான் வகை, தவளையே கிடையாது, அதையெல்லாம் யார் பார்த்தது. ஆக, எங்கள் ஊர் முத்திரையைவிட 25 வருஷம் மூத்தது அது. ஆஸ்டினில் இதைச் சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வரி இன்னும் மோசம். 1915இல் 13-0 என்று ஜெயித்த ஏ அண்ட் எம் பையன்கள் எங்கள் அணியின் சின்னமாக வளர்த்த மாட்டின் மேல் அந்த எண்ணைச் சூடு போட்டார்களாம், அவமானத்தை மறைக்க எங்கள் ஆட்கள் 13ஐ 'பி' ஆக்கி, கோட்டை 'ஈ' ஆக்கி, நடுவில் 'வி' செருகி 'பெவோ' என்று திருத்தினார்களாம், பெயர் அப்படித்தான் வந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சூடு போட்டது நிஜம், ஆனால் அது நடந்தது 1917 பிப்ரவரியில். மாட்டின் பெயர் பெவோ என்று பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் பத்திரிகை 1916 டிசம்பரிலேயே அச்சடித்துவிட்டது. சூட்டுக்கு முன்பே பெயர் இருந்தால் சூட்டிலிருந்து பெயர் எப்படி வரும்? அந்த முதல் பெவோவைத் தீனி போட்டு வளர்க்க முடியாமல் 1920 ஜனவரியில் வெட்டி விருந்து வைத்துவிட்டார்கள், ஏ அண்ட் எம்காரர்களையும் கூப்பிட்டு, 13-0 சூடு இருந்த பக்கத்துத் தோலை அவர்களுக்கே கொடுத்து அனுப்பினார்கள். இவ்வளவு ருசியான கதை கையில் இருக்க, பொய்யை எதற்கு அச்சடிக்கணும்?

கடைசி வரி, ஃபோம் கையே டெக்சஸ் கண்டுபிடிப்பு என்கிறது. ஹூஸ்டன் பக்கம் சை-ஃபேர் பள்ளியில் தொழிற்கல்வி ஆசிரியராக இருந்த ஜெரல் ஃபாஸ் 1976இல் ஒட்டுப்பலகையில் கை செய்ததும், அப்புறம் ஃபோமுக்கு மாறி அதை வியாபாரமாக்கியதும் உண்மை. ஆனால் அயோவாவில் ஒரு பள்ளி மாணவர் 1971லேயே கம்பிவலையும் காகிதக்கூழும் வைத்து இதே மாதிரி ஒரு ராட்சதக் கை செய்து கூடைப்பந்து இறுதி ஆட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், அந்தப் படமும் அச்சில் வந்திருக்கிறது. ஃபோம் டெக்சஸுக்கு, கை அயோவாவுக்கு என்று பிரித்துக்கொள்ளட்டும்.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒன்று. இதே முத்திரையை இத்தாலியில் ஒருவரிடம் காட்டினால், உன் மனைவி உன்னை ஏமாற்றுகிறாள் என்று அர்த்தம். 2005இல் புஷ் பதவியேற்பில் அவர் குடும்பம் இதைக் காட்ட, நார்வேயில் ஒரு செய்தித்தளம் சாத்தானுக்கு வணக்கமா என்று பதறியது.

திருப்பி அனுப்பலாம் என்று எழுதிக் கேட்டேன், பிரித்த பொருளை வாங்க மாட்டார்களாம். சரி என்று காய் நறுக்கும் கத்தியால் கட்டைவிரலை வெட்டி, மடங்கிய விரல்கள் மேல் குறுக்காக வைத்து ஒட்டினேன். முதல் பாதி முழுக்கத் தாங்கியது. மூன்றாவது குவார்ட்டரில் எல்லோரோடும் சேர்ந்து ஓங்கி வீசினேன், கட்டைவிரல் மட்டும் நாலு வரிசை தள்ளி ஒரு பெரியவரின் நாச்சோஸ் தட்டில் போய் விழுந்தது.